கம்ப்யூட்டரின் வளைந்த கால்களை வீட்டிலேயே நிமிர்த்தும் முறை

கிராமங்களில் கம்ப்யூட்டர் ஒரு புதுமைப் பொருளாக இருந்த காலம் கடந்துவிட்டது. ஊராட்சிகளின் வரவு செலவுக் கணக்குகள், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம சுவராஜ் தளத்தில் பதிவு செய்யப்பெறுகின்றன. பட்டா, சிட்டா நகல்களை விவசாயிகள் கம்ப்யூட்டர் வழியாகவே பெறுகின்றனர். கல்லூரியில் பயிலும் பிள்ளைகளுக்காகப் பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களும் பல. ஆயினும், ஆயில் எஞ்சினையும் பம்பு செட்டையும் தெளிப்பானையும் தாமே பிரித்துப் பழுது பார்க்கும் நம் விவசாயப் பெருமக்கள், கம்ப்யூட்டர் பழுது என்றவுடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றனர். அதன் உள்ளே இருப்பவை அனைத்தும் தொட்டால் கெடும் பொருள்கள் என்னும் அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சம் முழுவதும் தவறன்று. எனினும், அச்சத்தின் காரணமாகச் சில ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள உறுப்பு ஒன்று குப்பைக்குச் செல்லுமாயின் அது வருந்தத்தக்கதே. அத்தகைய பழுதுகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

பிராசசரும் அதன் கால்களும்

கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அகன்ற பலகை ஒன்று காணப்பெறும். இதனை மதர்போர்டு என்பர். அதன் மீது விசிறி பொருத்திய உலோகக் கட்டை ஒன்று அமர்ந்திருக்கும். அக்கட்டையின் கீழே, பக்கத்திற்கு 4 சென்டிமீட்டர் அளவுள்ள சதுர வில்லை ஒன்று மறைந்திருக்கின்றது. கணக்கிடும் வேலை அனைத்தையும் செய்வது இதுவே. இதன் பெயர் பிராசசர்.

ஏ.எம்.டி. கம்பெனியார் 2016ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஏ.எம்.4 வகைப் பிராசசரைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் 1331 ஊசிக்கால்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். மெக்கானிக்குகள் இவற்றைப் 'பின்' என்பர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எம்.3 வகைக்கு 938 கால்கள். கால் ஒவ்வொன்றும் தங்க முலாம் பூசப்பெற்றது. நெல்மணியின் நீளத்தில் பாதிகூட இராது. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தூரமே உண்டு. சில கால்கள் மின்சாரத்தை உள்ளே கொணர்கின்றன; சில அதனைத் திருப்பி அனுப்புகின்றன; சில நினைவகத்தோடு செய்தி பரிமாறுகின்றன. மதர்போர்டில் இக்கால்களை ஏற்கும் துளைகள் நிறைந்த இருக்கைக்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள சிறு நெம்புகோலைத் தூக்கினால் பிடி தளரும், தாழ்த்தினால் இறுகும்.

கால்கள் வளைவது எவ்வாறு?

நம் கிராமங்களில் புழுதிக்குக் குறைவில்லை. நெற்களத்துக்கு அருகில் உள்ள வீடாயின் உமித் தூசியும், மழைக்காலமாயின் எறும்பும் பெட்டிக்குள் குடியேறுகின்றன. விசிறி அடைபட்டுப் பெட்டி சூடேறுகின்றது. வீட்டார் அதனைத் துடைக்க எண்ணி விசிறிக் கட்டையைக் கழற்றுகின்றனர். பழுது பெரும்பாலும் இங்கேதான் நேருகின்றது.

விசிறிக் கட்டைக்கும் பிராசசருக்கும் இடையே, சூடு எளிதில் கடந்து செல்லும்பொருட்டுத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை தடவப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் இப்பசை உலர்ந்து பிசின் போல் இறுகிவிடுகின்றது. ஏ.எம்.4 சாக்கெட்டிலோ பிராசசரின் மேல்புறத்தைப் பிடித்துக்கொள்ளும் சட்டம் எதுவும் இல்லை. கால்களை மட்டுமே அது பற்றியிருக்கின்றது. ஆகையால் கட்டையை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் தாழ்ந்திருக்கும்போதே பிராசசரும் கட்டையோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கப்பட்டு வந்துவிடுகின்றது. நாற்றைப் பறிப்பதில் நம்மவர் காட்டும் பக்குவம் இங்கும் வேண்டும். கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருப்பின் முதலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பசையை இளகச் செய்ய வேண்டும். பின்பு நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, கட்டையின் பிடிகளைத் தளர்த்தி, அதனை இடமும் வலமுமாக மெல்லத் திருகவேண்டும். பசை விட்டது கைக்குத் தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

நம் ஒன்றியத்துக்கு உட்பட்ட சிற்றூர் ஒன்றில் சென்ற ஆண்டு நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். நான்கு ஏக்கர் புன்செய் உடைய விவசாயி ஒருவர், பொறியியல் படிக்கும் தம் மகளுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது பிராசசர் பிடுங்கி வந்து கீழே விழுந்தது. நகரத்துக் கடையில் காட்டினார். கால்கள் வளைந்துவிட்டன, இனி இது உதவாது, புதிது வாங்குங்கள் என்று கூறிவிட்டனர். தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. புதிது வாங்கப் பணமில்லை. மகள் பூதக் கண்ணாடியை வைத்து எண்ணிப் பார்த்ததில் பதினேழு கால்கள் சாய்ந்திருந்தன, ஒன்றுகூட ஒடியவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் உழைத்து அவற்றை நிமிர்த்திவிட்டார். கிராமப் பார்வையின்போது நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கையாண்ட முறையையும், கைதேர்ந்த மெக்கானிக்குகள் கையாளும் முறையையும் சேர்த்தே கீழே எழுதுகின்றோம்.

நிமிர்த்தும் முறை

முதலாவதாக நிலைமின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியெஸ்டர் துணி உடலில் உராயும்போது உண்டாகும் சிறு மின்பொறி நமக்கு உறைப்பதில்லை. பிராசசருக்கு அது கேடு விளைவிக்கக் கூடும். எனவே பருத்தி ஆடை உடுத்து, கம்பளத்தின் மீது அமராமல், வேலைக்கு இடையிடையே கம்ப்யூட்டர்ப் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பிராசசரை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். கால்களின் மீது விரல் படலாகாது.

மேசையின் மீது வெள்ளைத் துணியை விரித்து, கால்கள் மேல்நோக்கி இருக்குமாறு பிராசசரை வைக்க. காலை வெயில் பக்கவாட்டில் விழும் சன்னல் ஓரம் மிகவும் நன்று. கண்ணைக் கால்களின் மட்டத்துக்குத் தாழ்த்தி, வரிசையின் ஊடே பார்க்க வேண்டும். நடவு வயலின் வரப்பில் நின்று பார்த்தால் நேர் வரிசையில் விலகி நிற்கும் நாற்று எவ்வாறு உடனே கண்ணிற்படுகின்றதோ, அவ்வாறே சாய்ந்த காலும் தோன்றும். நான்கு பக்கங்களிலிருந்தும், மூலைவாட்டிலும் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் நேராகத் தோன்றும் கால் மறுபக்கத்தில் சாய்ந்திருக்கலாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதனைப் பெரிதாக்கிப் பார்த்தல் இக்காலத்துக்கு உரிய வசதி. சாய்ந்தவை எத்தனை, எங்கெங்கே என்று தாளில் குறித்துக்கொள்ளுக. நடுவில் கால்கள் இல்லாத வெற்றிடம் காணப்பட்டால் திகைக்க வேண்டா. அது அமைப்பிலேயே உள்ளது.

கருவிகள் அனைத்தும் வீட்டிலேயே கிடைப்பவை. மாணவர் 'பென் பென்சில்' என்று வழங்கும், மேலே அழுத்தினால் குச்சி வெளிவரும் பென்சில் இதற்கு மிகப் பொருத்தமானது. 0.5 அல்லது 0.7 மில்லிமீட்டர்க் குச்சிக்குரியதை எடுத்து, குச்சியை முழுவதும் நீக்கிவிட்டால் முனையில் நுண்ணிய உலோகக் குழல் எஞ்சும். இக்குழலைச் சாய்ந்த காலின் மீது சட்டை போல் மாட்டி, அடிவரை இறக்கி, மிகச் சிறிது நிமிர்த்த வேண்டும். பின் குழலை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மீண்டும் மாட்டிச் சிறிது நிமிர்த்த வேண்டும். ஒரே மூச்சில் நேராக்க முயல்வது கூடாது.

இதன் காரணத்தை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்புக் கம்பியை ஒரு முறை வளைத்தால் வளையும். இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் அதே இடத்தில் இறுகிப் பட்டென்று ஒடியும். கால்களின் தன்மையும் அதுவே. ஆகையால் நேர்நிலையைத் தாண்டி மறுபுறம் சாய்த்துவிட்டு மீண்டும் இழுப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. சற்றுக் குறைவாக நிமிர்ந்து நிற்கும் கால், அளவு மீறித் தள்ளப்பட்ட காலைவிட மேலானது.

முழுவதும் படுத்துவிட்ட காலின் மீது குழலை மாட்ட இயலாது. மெல்லிய தையல் ஊசியின் முனையை அதன் அடியில் நுழைத்து, குழல் ஏறும் அளவுக்கு மட்டும் தூக்கிவிட்டுப் பிறகு பென்சிலைக் கையாளுக. ஒரு வரிசை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பின், சவர பிளேடு ஒன்றை இரு வரிசைகளுக்கு நடுவே நுழைத்து, வரிசையின் நீளம் முழுவதும் மெல்ல ஒதுக்கலாம். சிலர் ஏ.டி.எம். அட்டையைப் பயன்படுத்துகின்றனர்; அதன் கனம் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால், இடைவெளி குறைந்த இடத்தில் திணித்தால் நன்றாக நிற்கும் கால்களும் சாய நேரும். நாம் பிளேடையே சிபாரிசு செய்கின்றோம். அதனைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. தட்டார் வைத்திருக்கும் சாமணமும் உதவும். ஆனால் அதனால் காலை நசுக்கிவிடுவது எளிது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் ஊரில் இருந்தால், அவருடைய கண்ணாடியும் கைப்பழக்கமும் இவ்வேலைக்கு ஏற்றவை; அவரிடம் ஒப்படைப்பதில் வெட்கமில்லை.

பொருத்திப் பார்த்தல்

எல்லாக் கால்களும் நேரானதாகத் தோன்றியபின், சாக்கெட்டின் நெம்புகோலை முழுவதும் தூக்கிவிட வேண்டும். பிராசசரின் ஒரு மூலையில் சிறு முக்கோணக் குறி உண்டு. சாக்கெட்டிலும் அதே குறி உண்டு. இரண்டையும் பொருத்தி, பிராசசரைத் துளைகளின் மீது வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். கால்கள் நேராக இருப்பின் அது தன் எடையாலேயே உள்ளே இறங்கி அமரும். இறங்காவிடில் விரலால் அழுத்தவே கூடாது. பெருவாரியான கால்கள் ஒடிவது வளைந்தபோது அன்று, இந்நேரத்தில் அழுத்தும்போதேயாகும். எந்த மூலை உயர்ந்து நிற்கின்றது என்று கவனித்து, நேராக மேலே எடுத்து, அம்மூலைக் கால்களை மறுபடி ஆராய வேண்டும். மேற்சொன்ன பெண் இவ்வாறு ஐந்து முறை எடுத்து வைத்ததாகக் கூறினார்.

அமர்ந்தபின் நெம்புகோலைத் தாழ்த்துக. பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசையை இட்டு, விசிறிக் கட்டையைப் பொருத்தி, விசிறியின் கம்பியையும் மறவாமல் செருக வேண்டும். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கினாலும் அதனோடு நின்றுவிடலாகாது. பயாஸ் எனப்படும் தொடக்கத் திரையில் நினைவகத்தின் அளவு முழுவதும் காட்டப்படுகின்றதா என்று பார்க்க வேண்டும். 8 ஜி.பி. இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜி.பி. மட்டும் தெரிந்தால், நினைவகத்துக்குரிய கால் ஏதோ ஒன்று துளையில் சரியாகத் தொடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்பெண்ணுக்கும் முதலில் பாதியே தெரிந்தது. மறுநாள் ஓர் ஓரக் காலைச் சரிசெய்த பின்னரே முழுவதும் வந்தது.

கால் ஒடிந்துவிட்டால் என் செய்வது? மின்சாரத்தைக் கொணரவும் திருப்பி அனுப்பவும் பல கால்கள் ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்வதால், அவற்றுள் ஒன்று போனாலும் கம்ப்யூட்டர் ஓடக்கூடும். செய்தி பரிமாறும் கால் ஒடிந்திருப்பின் ஏதேனும் ஓர் உறுப்பு வேலை செய்யாது. அல்லது கம்ப்யூட்டர் எழவே எழாது. ஒடிந்த காலை வீட்டில் பற்றவைக்க முயல வேண்டா. நுண்ணோக்கி வைத்துப் பற்றவைக்கும் தொழிலாளியிடம் அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.

இம்முறை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஆகாது என்பதையும் அறிதல் வேண்டும். இன்டெல் கம்பெனியார் 2004ஆம் ஆண்டு முதல் மேசைக் கம்ப்யூட்டர்ப் பிராசசர்களில் கால்களை நீக்கிவிட்டு, அவற்றை மதர்போர்டின் சாக்கெட்டிலேயே வைத்தனர். ஏ.எம்.டி. கம்பெனியாரும் 2022ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.5 வகையில் அவ்வாறே செய்து, சாக்கெட்டில் 1718 தொடுமுனைகளை அமைத்துள்ளனர். இவை நேர்க்கால்கள் அல்ல. சாய்வாக நிற்கும் நுண்ணிய வில்கள். இவற்றை நேராக நிமிர்த்துவதே தவறு. பென்சிற்குழலும் பிளேடும் இங்குப் பயன்படா. மடிக்கணினிகளிலோ இக்காலத்தில் பிராசசர் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் இப்பழுதுக்கே இடமில்லை.

ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர் பொதுச் சொத்து. இருப்புப் பதிவேட்டில் ஏறியது. அதனை உறுப்பினரோ செயலரோ தாமே பிரித்துப் பென்சிலால் நிமிர்த்திப் பார்ப்பது முறையன்று. உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பின் அவ்வுரிமையும் கெடும். ஆயினும் பிராசசர் கெட்டுவிட்டது, புதிது வேண்டும் என்று பழுது பார்ப்பவர் பட்டியல் தரும்போது, கழற்றிய பழையதை வாங்கிப் பார்க்கும் உரிமை மன்றத்துக்கு உண்டு. கால்கள் வளைந்தனவா, ஒடிந்தனவா என்று கேளுங்கள். வளைந்தன மட்டுமே எனில் நிமிர்த்திப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கிராம மக்கள் செலுத்தும் வீட்டு வரியிலிருந்து செல்லும் பணத்துக்கு இத்தனை விசாரணை மிகையாகாது. மாற்றியது உறுதியானால், பழைய உறுப்பையும் திரும்பப் பெற்றுப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.

கழற்றிய பிராசசரை வைக்க, அது விற்கப்படும்போது வரும் பிளாஸ்டிக் மூடிப் பெட்டியே சிறந்தது. அது இல்லையேல், எலெக்ட்ரானிக் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் கருநிற நுரைத் துண்டில் கால்களை நேராகச் செருகி வைக்கலாம். தெர்மோகோல் வேண்டா, அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும். நகரத்துக்குக் கொண்டு செல்வோர் அப்பெட்டியைக் கையிலோ மடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், வளையாத கால்களும் ஊர் சேருமுன் வளைந்துவிடும்.