கூட்டம் வேறு, கூட்டாளிகள் வேறு



நம் வியாபாரிகளின் மக்களில் சிலர் கணினிப் படிப்பை முடித்துக்கொண்டு, கடைப் பக்கம் திரும்பாமல், “பிளாக்செயின் கம்பெனி தொடங்கப் போகிறேன், முதல் தாருங்கள், வாப்பா” என்று கேட்கும் காலம் இது. கொடுக்கலாமா, கூடாதா என்று நம்மிடம் விசாரிக்கும் தகப்பனார்கள் பெருகியுள்ளனர். மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களைச் சேர்ந்தது. மலேசியப் பங்குப்பத்திர ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனை மன்றம், பதிவு பெற்ற சந்தைகளில் டிஜிட்டல் சொத்துகளை வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகும் என 2020-ல் கூறியிருப்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறோம். நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இத்தகைய கம்பெனி எவ்வாறு ஆள் சேர்த்து வளர்கிறது என்பதே அது.

பிளாக்செயின் என்பது ஒரு பொதுப் பேரேடு. நம் கடைப் பேரேடு ஒன்றுதான். கணக்கப்பிள்ளையின் கையில் இருக்கும். இந்தப் பேரேட்டின் நகலோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, அந்த ஏட்டின் மதிப்பு முதலாளியின் பெட்டியில் இல்லை. சம்பளம் வாங்காமல் அதைக் காத்து வருவோரிடமும், அதன்மேல் தங்கள் தொழிலைக் கட்டுவோரிடமும் இருக்கிறது. தெருவில் ஒரே ஜவுளிக்கடை இருப்பதைக் காட்டிலும் பத்துக் கடைகள் இருந்தால்தான் ஜனம் தேடி வரும் என்பது நமக்குத் தெரியாததன்று.

ஈத்தேரியம் என்னும் ஏட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 2013-ன் இறுதியில் விட்டாலிக் பியூட்டரின் என்ற பத்தொன்பது வயது இளைஞர், தம் யோசனையை ஒரு கட்டுரையாக எழுதி நண்பர்களுக்கு அனுப்பினார். அதைப் படித்தவர்கள் வேலை செய்ய முன்வந்தார்கள். அவர்களில் ஒருவரான கேவின் வுட் என்ற ஆங்கிலேயர், அந்த ஏடு எப்படி இயங்க வேண்டும் என்பதை 2014-ல் கணித முறையில் விவரித்து வெளியிட்டார். விதிகள் எல்லோர் கையிலும் இருந்தமையால், ஒரே ஏட்டை நடத்தும் மென்பொருளைப் பலரும் தனித்தனியே எழுத முடிந்தது. ஒரே வேலைக்கு மூன்று நான்கு முறை செலவா என்று நம் முதலாளிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், விடை பின்னால் வருகிறது.

தொடக்கத்திலேயே சச்சரவும் வந்தது. இலாபக் கம்பெனியா, இலாப நோக்கற்ற அறநிறுவனமா என்று 2014 ஜூனில் சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் வாதாடி, அறநிறுவனம் என்று முடிவு செய்தார்கள். சார்லஸ் ஹாஸ்கின்சன் விலகிப் பின்னர் கார்டானோ என்ற வேறொரு ஏட்டை உண்டாக்கினார். அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஈத்தர் நாணயத்தை முன்கூட்டியே விற்றதில், அன்றைய விலைக்குச் சுமார் 1 கோடியே 80 இலட்சம் அமெரிக்க வெள்ளி பெறுமான பிட்காயின் சேர்ந்தது. ஏடு நடைமுறைக்கு வந்தது 2015 ஜூலை 30-ல்.

2016 செப்டம்பரில் ஷாங்காய் நகரில் ஈத்தேரியத்தாரின் மாநாடு தொடங்கிய நாளில், ஏட்டின் மீது ஒரு தாக்குதல் நடந்தது. பெரும்பாலோர் கையாண்ட மென்பொருள் நினைவகம் நிரம்பி வீழ்ந்தது. ஆயினும் ஏடு நிற்கவில்லை. காரணம், பாரிட்டி என்ற மற்றொரு மென்பொருளை வைத்திருந்தவர்களின் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை எழுதியது யாருடைய கம்பெனி? அறநிறுவனத்தை விட்டு வெளியேறித் தனிக்கடை வைத்த அதே கேவின் வுட்டினுடையது! பிரிந்து போன பங்காளியின் கடை, தாய்க்கடையின் கணக்கைக் காப்பாற்றியதை நம் பஜாரில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? விதிகளைப் பெட்டியில் பூட்டாமல் வெளியிட்டதனால் கிடைத்த பலன் அது.

மற்றொன்று அளவை பற்றியது. 2015 நவம்பரில் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லர் என்ற நிரலாளர், இந்த ஏட்டில் புதிய நாணயங்களை உண்டாக்குவோர் எல்லோரும் ஒரே முறையைக் கையாளலாமே என்று பொதுவில் யோசனை வைத்தார். 20 என்ற இலக்கத்தால் அறியப்படும் அந்த முறையை ஆயிரக்கணக்கானோர் ஏற்றனர். கடைக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால் என்றிருந்தால் சந்தை கூடுமா?

இந்தக் கூட்டத்தாரும் மலக்குகள் அல்லர். 2017-ல் இதே முறையைக் கொண்டு வெறுங்காகிதத் திட்டங்களைக் காட்டிப் பணம் திரட்டி மறைந்தவர் பலர்.

இனி எதிர்ப்பக்கம். சிங்கப்பூரில் பதிவாகியிருந்த டெராஃபார்ம் லேப்ஸ் என்ற கம்பெனியின் டெரா ஏட்டுக்கும் பெருங்கூட்டம் இருந்தது. நிரல் எழுதுவோரும் இருந்தனர். ஆனால் பெரும்பாலோரை இழுத்தது, அதன் நாணயத்தை வைப்பாக இட்டால் கிடைத்த ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காட்டு வட்டி. 2022 மே மாதத்தில் சில நாட்களில் சுமார் 4,000 கோடி அமெரிக்க வெள்ளி மதிப்பு கரைந்தது. நிறுவனர் டோ குவோன் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே விலகியிருக்க வேண்டிய நம்மவர்களும் அதில் கை சுட்டுக்கொண்டார்கள் என்பதை வருத்தத்துடன் எழுதுகிறோம்.

ஆகவே, முதல் கேட்டு வரும் மகனிடம் தகப்பனார் முதலில் கேட்க வேண்டியது, “உன் திட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்?” என்பதன்று. இலவச நாணயம் இறைத்தால் எத்தனை ஆயிரம் பேரும் வருவர். “உன்னிடம் சம்பளம் வாங்காத ஒருவராவது உன் ஏட்டின்மேல் ஏதேனும் கட்டியிருக்கிறாரா? நாணயத்தின் விலை பாதியானால் அவர் இருப்பாரா?” என்று கேளுங்கள். முதல் ஆளாக யாரை வேலைக்கு வைக்கிறான் என்றும் பாருங்கள். விளம்பரக்காரரை வைத்தால் யோசிக்க வேண்டும். அந்நியர் ஒருவர் வந்தால் அன்றே வேலை தொடங்கும்படி வழிமுறைகளைத் தெளிவாக எழுதி, அவருடைய சந்தேகங்களுக்கு நாள்தோறும் பதில் சொல்லும் ஆளை வைத்தால், பையனுக்குத் தொழில் தெரிகிறது என்க.

நிறுவனர்களின் பங்கையும் விசாரியுங்கள். நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்வதும், முதலாண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது என்பதும் இத்தொழிலில் பரவலான வழக்கம். அவன் தன் பங்கை முதல் நாளே விற்கலாம் என்று பத்திரத்தில் இருந்தால், கையெழுத்திடு முன் அந்த வாசகத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

முளாரபா முறையில் முதல் கொடுப்பதாயின் பத்திரத்தில் எவை இடம்பெற வேண்டும் என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ஆராய்வோம்.