கேமரா எப்போது உறங்கும்?

கேள்வி: லினக்ஸ் மடிக்கணினியில் பயன்படுத்தாத கேமராவின் மின்சாரத்தைக் குறைக்கும் முடிவை எடுப்பது எது?
வாசகர், சாயர்புரம்

பதில்: லினக்ஸின் மையமாகிய கெர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்பகுதியான டிரைவரே, 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 பதிப்பில் சேர்ந்த இயங்குநேர மின் மேலாண்மைக் கட்டமைப்பின் துணையோடு அம்முடிவை எடுக்கிறது. மென்பொருள் ஒன்று கேமராவைத் திறக்கும்போது பயன்பாட்டு எண்ணிக்கை ஒன்று கூடி, மூடும்போது ஒன்று குறைகிறது. அது பூச்சியமாகி, யூஎஸ்பி சாதனங்களுக்கு இயல்பாக உள்ள 2 விநாடியும் கழிந்த பின்னரே சாதனம் உறங்கவைக்கப்படுகிறது. அடிக்கடி உறங்கி விழிப்பதற்கு ஆகும் மின்சாரம் சேமிப்பையே விழுங்கக்கூடும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். கேமரா இணைந்துள்ள யூஎஸ்பி கட்டுப்படுத்தி அதற்குப் பிறகே உறங்கலாம்.

வடிவமைப்பின் உண்மையான கடினம் பிழை நேரும் இடத்தில்தான் உள்ளது. சாதனத்தை எழுப்பும் பழைய அழைப்பு, எழுப்புதல் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அதைத் திரும்பக் குறைக்க மறந்த டிரைவரின் சாதனம் பிறகு உறங்காமல் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பல டிரைவர்களில் இக்குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டியதால், தோல்வியின்போது எண்ணிக்கையைத் தானே சரிசெய்யும் அழைப்பு 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் சேர்க்கப்பட்டது. புதிதாக டிரைவர் எழுதும் மாணவர்கள் இதையே கையாள்வது நல்லது.