கடை அடைத்தபின் ஒரு விளையாட்டு

இரவு கடைக்கதவை இழுத்துப் பூட்டி, கல்லாக் கணக்கை முடித்து, இஷாத் தொழுது, சாப்பிட்டு உட்கார்ந்தால் உடம்பு ஓய்கிறது, மனமோ ஓய்வதில்லை. வராத பாக்கி, விலையேறிய வெங்காயம், நாளை இறங்கவேண்டிய சரக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்நேரம் கைத்தொலைபேசியில் ஏதேனும் ஒரு விளையாட்டைத் திறப்பது நம்மில் பலருக்கு வழக்கம். எனக்கும் உண்டு. சிறுபிள்ளைத்தனம் என்று ஏளனம் செய்வோர் செய்யட்டும். எது களைப்பைப் போக்கும், எது களைப்பின்மேல் களைப்பை ஏற்றும் என்பதை மட்டும் இங்கு ஆராய்வோம்.

டெட்ரிஸை எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் இதை உண்டாக்கினார். அவர் முன்னிருந்த எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினிக்குப் படம் காட்டத் தெரியாது. எனவே எழுத்தில் வரும் அடைப்புக்குறிகளையே கட்டங்களாக அடுக்கினார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வகை வடிவங்கள் மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பி, சந்து விடாமல் அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்து இடம் கொடுக்கும். கடையின் பின்கட்டில் பிஸ்கட் பெட்டி அடுக்குகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கையும் கண்ணும் அதில் கட்டுண்டுவிடுவதால் பாக்கிக்காரர் முகம் சற்று மறக்கிறது.

ஆனால் படுக்கையில் கிடந்து ஆடலாகாது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் டெட்ரிஸ் ஆடியவர்களைச் சோதித்து 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் வரும் தறுவாயில் கட்டங்கள் விழக் கண்டதாகப் பலரும் சொன்னார்கள். ஆடியதே நினைவில்லாத மறதி நோயாளிகள் ஐவரில் மூவருக்கும் அப்படியே தெரிந்ததாம்!

2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகா வேறு ரகம். அது இலவசம். இலவசமாகக் கொடுப்பவர் எதில் பிழைக்கிறார் என்று வியாபாரிகளாகிய நாமல்லவா முதலில் கேட்கவேண்டும்? ஐந்து உயிர் தருவார்கள். தோற்றால் ஒன்று போகும். அது திரும்பிவர அரைமணி நேரம். பொறுக்கமாட்டாதவர் விலைக்கு வாங்கலாம். நகர்த்தல் தீர்ந்து தோற்கும் தறுவாயில், இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா என்று நீட்டுவார்கள். நேராக வெள்ளி கேட்பதில்லை. வெள்ளிக்குப் பொன்கட்டி வாங்கி, அந்தப் பொன்கட்டியைக் கொடுக்கவேண்டும். போனது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. இந்த மிட்டாய்க் கடையை நடத்திய நிறுவனம் 2016இல் சுமார் 590 கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறியது.

மூடிய பெட்டியை விற்கும் விளையாட்டுகளும் உண்டு. உள்ளே என்ன என்பது காசு கொடுத்த பிறகுதான் தெரியும். 2018இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் அவற்றில் சிலவற்றைச் சூது என்றே தீர்மானித்தது. இன்னதென்று அறியாத சரக்கை விற்பது பற்றி மதரஸாவில் ஓதியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

என் சங்கதியையும் மறைப்பானேன்? சென்ற வருடம் ஒரு மாதக் கடைசியில் தொலைபேசிக் கணக்கைப் பார்த்தால் 64 வெள்ளி ஒரு விளையாட்டுக்குப் போயிருந்தது. அதன் பெயர் வேண்டாம். இரண்டும் மூன்றுமாக, தூக்கக் கலக்கத்தில் நானே கொடுத்தது. அதே வாரம் ஐந்து வெள்ளிப் பாக்கிக்காக ஒரு வாடிக்கைக்காரரிடம் கடுத்துப் பேசியிருந்தேன்.

இப்போது இணையத்தை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அரைமணி நேரம் டெட்ரிஸ் போன்ற ஒன்றையே ஆடுகிறேன். எதை வாங்குவதானாலும் இரகசியச் சொல் கேட்கும்படி தொலைபேசியில் மாற்றிவைக்க இடமுண்டு. மகனைக்கொண்டு அப்படியே செய்து, அந்தச் சொல்லை வீட்டாரிடம் ஒப்படைத்தாயிற்று. இதுவரை இருமுறை கேட்டுப் பார்த்தேன். இருமுறையும் தேநீர்தான் வந்தது.