பனித்தளம் இல்லாத மாதங்களில் சறுக்குவோர்க்குரிய உடற்பயிற்சி

கொல்கத்தா, அலிப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தில் பதிவாகும் சனவரி மாதக் குறைந்த வெப்பநிலையின் சராசரி 14 பாகை சென்டிகிரேடுக்கு அருகில் உள்ளது. நீர் 0 பாகையில் உறைவதாகலின், அங்கே இயற்கைப் பனித்தளம் அமைதல் இயலாது. சிம்லாவில் 1920இல் ஏற்பட்ட தளம் குளிர்காலச் சில வாரங்களில் மட்டுமே உறைந்து பயன்பட்டு வந்தது. தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக 2011இல் தேராதூனில் உள்ளரங்கத் தளம் ஒன்று அமைந்தது. ஆகவே, இந்நாட்டுச் சறுக்கு மாணவர் பெரும்பாலோர் ஆண்டின் பெரும்பகுதியைத் தரையிலேயே கழிக்க வேண்டியவராகின்றனர்.

பனித்தளம் மிகுந்த நாடுகளிலும் போட்டிக் காலம் மார்ச்சு மாதத்தோடு பெரும்பாலும் முடிவுறுகின்றது. அதன் பின்வரும் மாதங்களே உடல் வலிமையை வளர்த்தற்குரியவை. அவ்வேலை நடைபெறும் இடமும் தரையே. ஆதலின் இப்பயிற்சியைப் பொறுத்தவரை நம் ஆசிரியர் பிறர்க்குப் பின்தங்கியவர் அல்லர்.

வலிமை வேண்டுவது ஏன்?

தாவும் ஒருவரின் உடல் 45 சென்டிமீட்டர் உயர்ந்தால், அவர் காற்றில் நிற்கும் நேரம் சுமார் 0.6 விநாடி. அதற்குள் மூன்று சுற்றுகளை முடித்து ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். இறங்கும்போது முழங்காலும் இடுப்பும் மடிவதால் உடல் மேலும் 15 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றால், காலின்மீது விழும் சராசரி விசை உடல் எடையைப் போல் 4 மடங்கு. கால் விறைத்து 5 சென்டிமீட்டர் மட்டுமே தாழ்ந்தால் அதுவே 10 மடங்காகும். சறுக்குக் காலணி கணுக்காலை இறுகப் பிடித்திருப்பதால், அதிர்ச்சியின் பெரும்பங்கை முழங்காலும் இடுப்பும் கீழ்முதுகும் ஏற்கின்றன. எனவே, உயரத் தாவக் கற்பிக்கும் முன்பு மெல்ல இறங்கக் கற்பித்தல் வேண்டும்.

பயிற்சி முறை

வாரத்தில் மூன்று நாட்கள், இடையே ஒரு நாள் ஓய்வு விட்டுப் பயிற்றலாம். ஒரு தாழ்ந்த பலகையும் தாண்டு கயிறும் போதுமானவை. சிமெண்டுத் தரையினும் புல்தரை நன்று.

முதல் நான்கு வாரங்களில், அரைக்குந்தல், பலகைமேல் ஏறி இறங்குதல், குதிகாலை உயர்த்துதல், முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்துதல் ஆகியவற்றைச் செய்விக்கலாம். முதல் மூன்றும் பத்து முறை கொண்ட இரண்டு சுற்றுகளாக அமையட்டும்.

அடுத்த நான்கு வாரங்களில், 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரு கால்களாலும் ஓசையின்றி இறங்கி, மூன்று விநாடி அசையாது நிற்றல் வேண்டும். முழங்கால் உட்புறம் சாயாதிருக்கின்றதா என ஆசிரியர் முன்னின்று நோக்குக. இது செம்மையுற்ற பின்னரே ஒற்றைக்கால் இறக்கமும், அதன்பின் அரைச்சுற்றுத் தாவலும் வரும்.

இடப்புறமாகச் சுழல்வோர் ஏறத்தாழ எல்லாத் தாவல்களிலும் வலக்காலிலேயே இறங்குவர். இதனால் மற்றைக் கால் தளர்தல் கூடும். ஆகவே, தளர்ந்த காலிலிருந்தே ஒவ்வொரு பயிற்சியையும் தொடங்குதல் நலம்.

வெப்பமும் வளர்ச்சியும்

அலிப்பூரில் ஏப்ரல், மே மாதங்களின் உச்ச வெப்பம் சராசரியாக 35 பாகையை ஒட்டியிருக்கும்; ஈரப்பதமும் மிகுதி. வியர்வை எளிதில் உலராமையால் உடல் குளிர்வதில்லை. எனவே, விடியற்காலையில் பயிற்றுவதும், இடையிடையே நீர் அருந்தச் செய்வதும் கட்டாயம். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நீரால் குளிர்விக்க வேண்டும். தெளிவின்றிப் பேசினால் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

விரைந்து வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியர் முழங்காலிலோ கீழ்முதுகிலோ வலி என்றால், அதனைச் சோம்பல் எனக் கருதலாகாது. தாவல்களை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சக்கரக் காலணியில் பயிலும் மாணவர்க்கும் இவையனைத்தும் பொருந்தும். ஓசையின்றி இறங்கப் பழகிய கால், பின்னொரு நாள் பனித்தளத்தை அடையும்போது ஆயத்தமாகவே இருக்கும்.