மாயாவியின் காலடித் தடம்

ஐப்பசி மாதம். தஞ்சைப் பக்கத்தில் ஒரு தாளடி வயல். மழை தூறிக்கொண்டிருக்கிறது. வயலில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் உழுத சேற்றில் 'சளக், சளக்' என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காலடித் தடங்கள் விழுகின்றன! அவற்றுக்கு மேலே, அந்தரத்தில் மிதந்து வருகிறது ஓர் இரும்புக் கை!

மாணவர்களே, பயந்துவிட வேண்டாம். இது எந்தப் புத்தகத்திலும் வந்த காட்சி அன்று. நாமே கற்பனை செய்தது. ஆனால் அந்தக் கைக்கு உரியவரை உங்கள் தந்தையாருக்கோ மாமாவுக்கோ தெரிந்திருக்கலாம். 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள்; அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள். 1972ஆம் ஆண்டு சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களைக் கவர்ந்த வீரர் அவர்.

மாயாவி பிறந்த ஊர் சிவகாசி அன்று. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் இந்தத் தொடர் வெளிவந்தது. ஓவியம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த லூயிஸ் கிராண்டேல் என்பவர் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். பின்னர் இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் அவர் உடலில் பாய்கிறது. உடனே அவர் மறைந்துவிடுகிறார். இரும்புக் கை மட்டும் தெரிகிறது!

இத்தகைய தொடர்கதையை எப்படிப் படிப்பது? 'இதற்கும் பாடமா?' என்று சிரிக்காதீர்கள். தொடர்கதை படிப்பவரும் விஞ்ஞானியும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

கண்டதும் ஊகித்ததும்

ஒரு கட்டத்தில் பூட்டிய கதவு. அடுத்த கட்டத்தில் திறந்த இரும்புப் பெட்டி. 'மாயாவி உள்ளே புகுந்து பணத்தை எடுத்துவிட்டார்' என்கிறோம். ஆனால் அவர் எடுத்ததை நாம் பார்த்தோமா? இல்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நம் மனமே நிரப்பிவிட்டது.

இப்படி நிரப்புவது தவறு அன்று. ஆனால் எது கண்டது, எது ஊகித்தது என்று பிரித்து வைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. கருவறைக்கு மேல் தளத்தின் சுற்றுப்பாதையில் 108 நாட்டியக் கரணங்களைச் செதுக்க இடம் விட்டார்கள். ஆனால் 81 சிற்பங்களே முடிந்தன. எஞ்சிய 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே எந்தெந்தக் கரணங்கள் வந்திருக்கும்? உறுதியாகவே சொல்லலாம், ஏனென்றால் செதுக்கியவை பரத நாட்டிய சாத்திரத்தின் வரிசைப்படியே செல்கின்றன. சரி, வேலை ஏன் நின்றது? அதற்குக் கற்களில் விடை இல்லை; ஊகிக்கத்தான் முடியும். இரண்டு ஊகங்களுக்கும் எவ்வளவு வேறுபாடு, பார்த்தீர்களா? ஒன்றுக்கு ஆதாரம் இருக்கிறது; மற்றொன்றுக்கு இல்லை.

தொடர்கதைக்கும் இதே அளவுகோல்தான். கதைக்கென்று சில விதிகள் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவார். இரும்புக் கை மறையாது. சிறிது நேரத்தில் அவர் மீண்டும் கண்ணுக்குத் தெரிவார். இவ்விதிகளைக் குறித்துக்கொண்டால், 'தொடரும்' என்ற இடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று ஆதாரத்தோடு சொல்லலாம். எதிரி ஊர் முழுவதும் மின்சாரத்தைத் துண்டித்தால்? கைக்கு உறை மாட்டிக்கொண்டால்? நமது நடவு வயலில் இறங்கினால்? உடல்தான் மறைந்தது, எடை மறையவில்லையே! சேறு அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஊகம் பொய்த்தால்?

வருத்தம் வேண்டாம்; திருத்திக்கொள்ளுங்கள். தொடரின் தொடக்கத்தில் கிராண்டேல் நல்லவர் அல்லர். மறையும் ஆற்றல் கிடைத்ததும் குற்றங்களில் இறங்குகிறார். பின்னரே மனம் திருந்தி, 'நிழல் படை' என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து குற்றவாளிகளை எதிர்க்கிறார். தமிழ்ச் சிறுவர்கள் விரும்பிப் படித்த இன்னொரு வீரரான ஸ்பைடரும் குற்றவாளியாகத் தொடங்கி, பின்பு குற்றவாளிகளின் எதிரியாக மாறியவரே. முதல் பக்கங்களைப் பார்த்து 'இவர் தீயவர்' என்று எழுதியவர், புதிய சான்று வந்ததும் தம் முடிவை மாற்றத்தான் வேண்டும். அறிவியல் வளர்வதும் இப்படித்தான்.

இயற்கையின் விதி என்ன?

கதையின் விதி ஒன்று. இயற்கையின் விதி வேறு. கண்ணாடித் தண்டு ஒன்றைத் தண்ணீரில் வையுங்கள், தெரிகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, தண்ணீருக்கு 1.33. இரண்டும் வேறுபடுவதால் எல்லையில் ஒளி வளைகிறது. ஒரு பகுதி திரும்புகிறது. ஆய்வகத்தில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடித் தண்டைக் கிளிசரினில் வைத்தாலோ, ஏறக்குறைய மறைந்தே போகும்! இரண்டுக்கும் எண் 1.47 அளவில் இருப்பதே காரணம். எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய மறையும் மனிதன் கதையும் இந்தக் கருத்தையே பயன்படுத்தியது.

ஆகவே காற்றில் ஒருவர் மறைய வேண்டுமானால், அவர் உடல் ஒளியை உறிஞ்சக் கூடாது. ஒளிவிலகல் எண்ணும் காற்றைப் போல ஏறக்குறைய 1 ஆக வேண்டும். அப்போது அவர் கண்ணின் வில்லை ஒளியைக் குவிக்காது. விழித்திரையும் ஒளியை ஏற்காது. முழுமையாக மறைந்த மாயாவிக்குக் கண் தெரியாது!

இன்னொன்று. இதைச் சிரிப்பின்றிப் படியுங்கள். மின்சாரம் யாரையும் மறைய வைக்காது, உயிரைத்தான் பறிக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வயலில் உள்ள மூன்று முனை மோட்டாரில் அதைவிட அதிகம். இதயத்தின் வழியே சுமார் 30 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தாலே ஆபத்து. உடல் நனைந்திருந்தால் தோலின் தடை குறைந்து, மின்னோட்டம் கூடும். நம் டெல்டாவிலோ வரப்பும் காலும் எப்போதும் ஈரம். மோட்டார் கொட்டகையில் மாயாவி விளையாட்டு ஒருபோதும் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் விலகி நின்று பெரியவர்களை அழையுங்கள்.

செய்து பாருங்கள்

1. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் வரையுங்கள்: 'கண்டது', 'ஊகித்தது', 'பின்னர் தெரிந்தது'. நீங்கள் படிக்கும் ஏதேனும் ஒரு தொடரை மூன்று மாதம் இப்படிப் பின்தொடருங்கள். உங்கள் ஊகங்களில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணுங்கள். தவறியவற்றை அடித்துவிடாதீர்கள், ஏன் தவறின என்று எழுதுங்கள்.

2. மாயாவி தொடர் இங்கிலாந்தில் வாரந்தோறும் சில பக்கங்களாக வந்தது. தமிழில் முழுக் கதையும் ஒரே புத்தகமாக வந்தது. பழைய புத்தகம் கிடைத்தால், ஓர் ஆபத்துக்கும் அடுத்த ஆபத்துக்கும் நடுவே எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை சீராக வருகிறதா? வந்தால், அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு சிறுவன் 'அடுத்த வாரம் என்ன ஆகும்?' என்று ஏங்கி நின்ற இடங்களை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்!