இயந்திரத்தை நிறுத்தினால் போதாது, பூட்ட வேண்டும்

வத்தல்மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் மலையிறங்கி வந்து, தருமபுரிப் பகுதிக் கடைகளில் அரிசியாகவும் மாவாகவும் விற்பனையாகின்றன. முன்பு உரலும் உலக்கையும் செய்த வேலையை இன்று மோட்டாரும் பெல்ட்டும் செய்கின்றன. தோல் நீக்கும் இயந்திரம், மாவு மில், கல் பிரிக்கும் சல்லடை, தானியம் ஏற்றும் எலிவேட்டர் என்று நம் உறுப்பினர்கள் பலரிடம் ஏதேனும் ஓர் இயந்திரம் உண்டு. உலக்கையை விட்டால் அது நின்றுவிடும். மோட்டார் அப்படியல்ல, அதை நிறுத்தியவர் ஒருவராகவும் மீண்டும் ஓட்டுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். இயந்திரத்தைப் பழுது பார்ப்பவரின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விபத்து எப்படி நேர்கிறது?

மில்லில் அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். தானியம் அடைத்துக்கொள்கிறது. ஓட்டுபவர் ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டு அடைப்பை எடுக்கிறார். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார். கல்லாவிலிருந்து, "என்னப்பா, இன்னும் ஆகலையா?" என்று குரல் வருகிறது. சுவருக்கு அப்பால் நிற்கும் பையன், வேலை முடிந்தது என்று எண்ணிப் பொத்தானை அழுத்துகிறான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கை போய்விடுகிறது.

அபாயம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, மேலே சொன்னபடி மற்றொருவர் அறியாமல் ஓட்டிவிடுவது.

இரண்டாவது, போன மின்சாரம் திரும்பி வருவது. நல்ல ஸ்டார்ட்டரில் மின்சாரம் போனதும் உள்ளிருக்கும் காயில் விடுபட்டுவிடும். மின்சாரம் வந்தாலும் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. வெறும் ஸ்விட்சில் இணைத்த சிறு மோட்டார் மின்சாரம் வந்த நொடியே தானாகச் சுழலும். ஆகவே மின்வெட்டு நேரத்தை "கரண்ட் இல்லை, இப்போதே சுத்தம் செய்துவிடலாம்" என்று பயன்படுத்துவது மிகவும் ஆபத்தானது.

மூன்றாவது, தேங்கி நிற்கும் சக்தி. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கனத்த சக்கரம் சிறிது நேரம் சுழலும். தானியம் நிறைந்த எலிவேட்டர் பாரத்தால் பின்னோக்கி ஓடும். காற்றுத் தொட்டியில் அழுத்தமும் நெல் அவிக்கும் கொதிகலனில் நீராவியும் இருக்கும். மின்கட்டணத்தில் அபராதம் வராமலிருக்க நாம் பொருத்தும் கெபாசிட்டரிலும் மின்சாரம் தேங்கும். அதை வடித்துவிடும் அமைப்பு பழுதாகியிருந்தால், மெயினை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும்.

செய்ய வேண்டிய ஆறு படிகள்

1. சொல்லுதல்: எந்த இயந்திரம், யார் வேலை செய்யப் போகிறார் என்பதை அங்குள்ள எல்லோருக்கும் சொல்ல வேண்டும், கல்லாவில் இருப்பவருக்கும் சொல்ல வேண்டும்.

2. நிறுத்துதல்: முதலில் ஸ்டார்ட்டர், பிறகு மெயின் ஸ்விட்ச். டீசல் என்ஜினும் இணைந்திருந்தால் அதையும் நிறுத்தி டீசல் குழாயை அடைக்க வேண்டும்.

3. பூட்டுதல்: மெயின் ஸ்விட்ச் கைப்பிடியை நிறுத்திய நிலையில் வைத்துப் பூட்டுப் போட வேண்டும். பூட்டுக்கு ஒரே சாவி. அது முதலாளியின் கல்லாவில் அல்ல, வேலை செய்பவரின் மடியில் இருக்க வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். பூட்ட வசதியில்லாத பழைய ஸ்விட்சானால் பியூஸ் கட்டைகளைக் கழற்றி வேலை செய்பவரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூட்டு வசதியுள்ள ஸ்விட்சை விரைவில் மாற்றுவதே முறை.

4. அட்டை மாட்டுதல்: "ஆள் வேலை செய்கிறார், ஓட்டாதே" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, பெயரும் நேரமும் குறிக்க வேண்டும். அட்டை எச்சரிக்கும், தடுக்காது. ஆகவே அட்டை மட்டும் போதாது.

5. தேங்கியதை வடித்தல்: சக்கரம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எலிவேட்டருக்கு முட்டுக் கொடுத்து, காற்றையும் ஆவியையும் வெளியேற்ற வேண்டும். கெபாசிட்டரை எலக்ட்ரீஷியன் வடித்த பிறகே தொட வேண்டும்.

6. சோதித்தல்: எல்லோரையும் விலக்கிவிட்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லையென்றால் பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். மின் இணைப்பில் கை வைப்பதானால், டெஸ்ட் லேம்பை முதலில் மின்சாரம் உள்ள இடத்திலும், அடுத்து வேலை செய்யும் இடத்திலும், மறுபடி மின்சாரம் உள்ள இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கே பழுதாயிருந்தால் அப்போதுதான் தெரியும்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி, மூடிகளை மாட்டி, ஆட்களை விலக்கிய பின், பூட்டியவரே பூட்டைத் திறக்க வேண்டும்.

ஆள் மாறும்போது

வேலை பாதியில் நிற்கும்போது செய்தியைக் கைமாற்றத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 1988 ஜூலை 6 அன்று, வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். இரவு முறையில் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்து 167 பேர் மாண்டனர். அது பெரிய மேடை, நம்முடையது சிறிய மில். ஆனால் "அவர் பாதியில் விட்டுப் போனதை இவர் அறியவில்லை" என்ற காரணம் இரண்டுக்கும் பொதுவானது.

மில் இல்லாத கடைக்காரருக்கு

கடையில் ஜெனரேட்டர் இருந்தால் உங்களுக்கும் இந்தப் பாடம் உரியது. சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைக் கடை வயரிங்கில் இணைத்தால், மின்சாரம் பின்புறமாக மின்வாரியக் கம்பிக்குப் போகும். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட் பக்கம்வரை உயர்த்திவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். மலைப்பாதையில் மரம் விழுந்து கம்பி அறுந்த மழை இரவில்தான் ஜெனரேட்டரும் ஓடும், அவரும் கம்பத்தில் இருப்பார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் பொருத்துவது அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

சட்டமும் நம் பொறுப்பும்

தவறுதலாக நகரக்கூடிய ஸ்விட்சை நிறுத்திய நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்ற விதி, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருந்தது. மின்சக்தி கொண்டு 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடங்களுக்கே அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. 2020ஆம் ஆண்டின் புதிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 20 ஆயிற்று. நம் மில்களில் பெரும்பாலும் மூவர் நால்வர்தான். ஆய்வாளர் வந்து கேட்க மாட்டார் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது. கேட்க வேண்டியவர் முதலாளி ஒருவரே என்றாகிறது.

செலவுக் கணக்குப் போட்டால் இரண்டு பூட்டு, ஓர் அட்டை, பத்து நிமிட நேரம். மறுபக்கம் ஓர் ஆளின் கை, அவர் குடும்பத்தின் பிழைப்பு, நாம் தர வேண்டிய இழப்பீடு. பேரேட்டில் இந்த இரண்டு பக்கங்களையும் எழுதிப் பார்த்தால் எந்த வணிகருக்கும் விடை தெரியும்.

உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள்

1. மெயின் ஸ்விட்சில் பூட்டுப் போட இடம் இருக்கிறதா?
2. மின்சாரம் போய் வந்தால் எந்த மோட்டார் தானாக ஓடும்?
3. அடைப்பு எடுப்பவரின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராத மில்லில், இன்றே பூட்டு வாங்குவது நல்லது.