பரணில் கிடந்த செல்வம்

எழுமலையில் ஒரு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்கின்றனர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பழைய பாத்திரங்களுக்கிடையே மட்டை கிழிந்த சிறுவர் கதைப்புத்தகம் ஒன்று அகப்படுகின்றது. அதன் தாள்கள் பழுத்து ஓரங்கள் உதிர்கின்றன. பழைய தாள் வாங்குவோரிடம் போட்டால் சில காசுகளே கிடைக்கும். ஆயினும், போடுமுன் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் நோக்குதல் வேண்டும். அங்கே 'முதற்பதிப்பு' என்னும் சொல்லும் பழைய ஆண்டும் காணப்படின், அது கிடைத்தற்கரிய செல்வமாகவும் இருக்கலாம்.

ஒரு நூல் முதன்முதலாக அச்சேறி வெளிவந்த வடிவமே முதற்பதிப்பு. பின்வரும் பதிப்புகளில் சொற்கள் மாறலாம், படங்கள் நீக்கப்படலாம், முன்னுரை விடுபடலாம். ஆசிரியர் முதலில் அச்சுக்குத் தந்தது யாது, அக்காலச் சிறுவர் கையில் அது எவ்வுருவில் விளங்கிற்று என்பவற்றிற்கு முதற்பதிப்பே சான்றாகும்.

சிறுவர் நூல்களின் முதற்பதிப்பு மிகவும் அரிதாவது ஏன்? சட்டநூல் அலமாரியில் உறங்கும். கதைநூலோ கைக்குக் கை மாறும். குழந்தை அதனை மடிமீதும் மண்மீதும் வைத்துப் படிக்கும். படங்களுக்கு வண்ணம் தீட்டும். பின்னர்த் தம்பி தங்கையர்க்குக் கொடுக்கும். விலை குறைந்த நூலைப் பேணுவாரும் சிலரே. ஆகவே, மிகுதியாக விரும்பப்பட்ட நூலே விரைவில் அழிகின்றது.

சில நூல்கள் வேறு காரணத்தாலும் அரியவாகும். 1865-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் என்னும் சிறுமியின் கதை 2,000 படிகள் அச்சிடப்பட்டது. அச்சு செவ்வையாக அமையவில்லை என ஓவியர் ஜான் டென்னியல் குறைகூறவே, ஆசிரியர் அப்பதிப்பை நிறுத்திவிட்டார். அவ்வாறு நிறுத்துமுன் வெளிவந்த படிகளுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ இருபதே. அவற்றைச் செல்வர்களும் நூலகங்களும் பெருவிலை கொடுத்துப் பெறுகின்றனர்.

நம் சிறுவர் விரும்பிப் படிக்கும் பரமார்த்த குரு கதையை எழுதியவர் வீரமாமுனிவர். அவர் 1747-இல் மறைந்தார். தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அக்கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் இலண்டனில் வெளியிட்டது 1822-ஆம் ஆண்டிலாகும். அப்பதிப்பின் ஒரு படியைக் காண்பது இன்று அரிது.

புலவர் நூல்களுக்குப் புரவலர் இருந்தனர். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவி, அதனுடன் பாண்டியன் புத்தகசாலையையும் அமைத்தார். எளிய நூல்களுக்கும் புரவலராக விளங்கியவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா (1907–1992). அவர் பெருஞ்செல்வரல்லர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அறிஞர் நூலையன்றித் திருமண அழைப்பிதழையும் நாடக அறிவிப்பையும் கூட அவர் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கின்றது. ஒருவர் குப்பை என்று எறிவது மற்றொருவர்க்கு வரலாறாகும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் தம் நூலின் ஒரு படியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்புதல் வேண்டும். அதற்கு முன் வெளிவந்து எங்கும் சேராத நூல்களின் வாழ்வு வீட்டுப் பரண்களையே நம்பி நிற்கின்றது.

அத்தகைய நூல் கிடைப்பின், ஒட்டுத்தாளால் ஒட்டாதீர். தலைப்புப் பக்கத்தைக் கிழிக்காதீர். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். அதன் உள்மட்டையில் ஒரு சிறுவன் தன் பெயரைக் கோணலாக எழுதியிருந்தால், அதனையும் அழிக்காதீர், அதுவும் வரலாறே.

புத்தகத்தைப் படிக்காமல் பூட்டி வைத்தலும் முறையன்று. படித்தபின் எறிதலும் முறையன்று. படித்து மகிழ்ந்த நூலைப் பின்வருவோர்க்கும் வைத்தலே நன்றியுடைமையாகும்.